பாக்கெட் கேக் மிக்ஸை ருசியாக்குவது எப்படி: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது

கேக் மிக்ஸ் பெட்டியின் முதுகில் அச்சடித்திருப்பதை அப்படியே செய்தால் கேக் வந்துவிடும். நன்றாக எழும்பும், மெத்தென்று இருக்கும், வெட்டினால் உதிராது. ஆனால் முதல் துண்டு வாய்க்குள் போனதும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். இனிப்பு முந்திக்கொண்டு நிற்கும், வெனிலா வாசனை கொஞ்சம் சத்தமாகப் பேசும், அதற்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது.

இதைச் சரிசெய்கிறேன் என்று நான் முதன்முதலில் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதுவரை காதில் விழுந்த அத்தனை யோசனைகளையும் ஒரே கேக்கில் இறக்கினேன். எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய், தண்ணீருக்குப் பதில் பால், அதற்கு மேல் ஒரு கப் சவர் க்ரீம் (புளிக்க வைத்த கெட்டி க்ரீம்), ஒரு பாக்கெட் புட்டிங் பவுடர், கூடுதலாக இரண்டு முட்டை, போதாக்குறைக்கு கால் கப் சர்க்கரை. ஓவனுக்குள் கோபுரம் மாதிரி எழும்பியது. வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் நடுவில் குழி விழுந்தது. ஓரம் ரப்பர், நடுவே ஈரப்பசை. மறுநாள் கரண்டியால் தோண்டித்தான் சாப்பிட்டோம்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். பெட்டிக்குள் இருக்கும் பொடி ஏற்கெனவே போட்டு முடித்த ஒரு கணக்கு. கேக் எழும்புவது, நிற்பது, மெத்தென்று இருப்பது ஆகிய வேலைகளை அது நம்மைவிட நன்றாகவே செய்கிறது. அதனிடம் இல்லாதது நல்ல கொழுப்பு, உப்பு, நிஜமான வாசனை, கொஞ்சம் புளிப்பு. அந்த நாலை மட்டும் நாம் கொடுத்தால் போதும். எழும்பும் கணக்கில் கை வைத்தால்தான் குழி விழுகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சேர்ப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பின்பக்கத்துப் பொருள் பட்டியலில் பெரும்பாலும் முதலில் வருவது சர்க்கரை, அடுத்து மைதா. எடை அதிகமானதை முதலில் எழுதுவது வழக்கம் என்பதால், மாவைவிடச் சர்க்கரை கூடுதல் என்று அர்த்தம். சர்க்கரை தண்ணீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, மாவிலுள்ள ஸ்டார்ச் வெந்து கெட்டியாவதைத் தள்ளிப்போடும். அளவு மீறினால் கேக் எழும்பிய பிறகும் உள்ளே இறுகாமல் கிடந்து, கடைசியில் உட்கார்ந்துவிடும். இவ்வளவு சர்க்கரையைத் தாங்குவதற்காகவே எமல்சிஃபையர்களையும், பதப்படுத்திய ஸ்டார்ச்சையும், சில வகைகளில் பசைப் பொருட்களையும் சேர்த்திருக்கிறார்கள். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்க எமல்சிஃபையர் உதவும், அடிக்கும்போது காற்றைச் சின்னச் சின்னக் குமிழ்களாகப் பிடித்தும் வைக்கும். சாதாரண சமையலறையில் வெண்ணெயையும் சர்க்கரையையும் பத்து நிமிடம் குழைத்து நாம் வாங்கும் காற்றை, இந்தப் பொடி இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடுகிறது.

ஆகவே சர்க்கரையைக் கூட்டுவதும், பேக்கிங் பவுடரைக் கூட்டுவதும் வேண்டாத வேலை. இரண்டும் ஏற்கெனவே விளிம்பில் நிற்கின்றன.

முட்டையைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆரம்பகால மிக்ஸில் தண்ணீர் ஊற்றினாலே போதும் என்று இருந்ததாம், பெண்களுக்கு ‘நாம் ஒன்றும் செய்யவில்லையே’ என்று குற்ற உணர்ச்சி வந்ததாம், 1950-களில் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் ‘முட்டையை அவர்களே உடைத்து ஊற்றட்டும்’ என்று சொன்ன பிறகே விற்பனை எகிறியதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் மொலாசஸ் (சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கரும்பாகு) வியாபாரம் செய்த பி. டஃப் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் ஜான் டஃப், முட்டைப் பொடி கலந்த மிக்ஸுக்கு 1933-ல் காப்புரிமை வாங்கி, 1935-லேயே வீட்டில் புது முட்டை சேர்க்கும் வகைக்கும் இன்னொரு காப்புரிமை வாங்கிவிட்டார். உளவியல் பின்னால் வந்தது. உலர்ந்த முட்டைப் பொடியைவிடப் புது முட்டை போட்ட கேக் நன்றாக இருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, ஒரு துண்டு போதும்.

முதலில் எடையைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்கப் பெட்டிகள் ஒரு காலத்தில் 18.25 அவுன்ஸ், அதாவது 517 கிராம் இருந்தன. பிறகு 15.25 அவுன்ஸாக, 432 கிராமாகச் சுருங்கின. இப்போது 13.25 அவுன்ஸ், 375 கிராம் பெட்டிகளும் உண்டு. பழைய குறிப்பு ஒன்றில் ‘ஒரு பெட்டி மிக்ஸ், ஒரு கப் சவர் க்ரீம்’ என்று இருந்தால் அது எந்தப் பெட்டி என்று யோசிக்க வேண்டும். பொடி 140 கிராம் குறைந்துபோக, ஈரப்பொருள் அப்படியே இருந்தால் கேக் சொதசொதவென்றுதான் வரும்.

இங்கே நான் சொல்லும் அளவெல்லாம் 432 கிராம் பெட்டிக்கு. அதற்குப் பின்பக்கம் பொதுவாகச் சொல்லும் அளவு ஒரு கப் தண்ணீர், அரை கப் அல்லது அதற்குச் சற்றுக் குறைவான எண்ணெய், மூன்று முட்டை. கப் என்றால் 240 மி.லி. உங்கள் பெட்டி வேறு எடையில் இருந்தால் சேர்ப்பதையும் அந்த விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கேட்கும் தண்ணீரும் எண்ணெயும் வேறு அளவாக இருந்தால் பெட்டி சொல்வதே சரி. மாற்றுவது பொருளைத்தான், அளவை இல்லை. காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். நாள்பட்ட மிக்ஸில் எழும்ப வைக்கும் பொருள் வலுவிழந்திருக்கும், கொழுப்பும் சிக்கடித்திருக்கலாம். திறந்ததும் மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது.

தண்ணீரை மாற்றுவது

ஒரே ஒரு மாற்றம்தான் செய்யப் பொறுமை என்றால், தண்ணீருக்குப் பதில் அதே அளவு கொழுப்பு நீக்காத பால் ஊற்றுங்கள். பாலில் இருக்கும் புரதமும் பால் சர்க்கரையும் மேல்தோலை அழகாகச் சிவக்க வைக்கும், கொழுப்பு வாயில் தங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாமல், குளிர்ச்சி போன பிறகு ஊற்றுங்கள்.

கடையில் பட்டர்மில்க் என்று விற்கும் கெட்டியான புளித்த மோரையும் அதே அளவில் ஊற்றலாம். அதன் புளிப்பு இனிப்பை அடக்கி வைக்கும், கேக் மென்மையாகும். வெண்ணெய் கடைந்து எடுத்த நீர்த்த மோர் இதற்குச் சரிப்படாது, அது கிட்டத்தட்ட தண்ணீர்தான். கெட்டி வகை கிடைக்கவில்லையென்றால் ஒரு கப் அளவில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, மீதியைப் பாலால் நிரப்பி, பத்து நிமிடம் வைத்தால் லேசாகத் திரியும். முழுக்க அதே ருசி இல்லை, ஆனாலும் வேலை நடக்கும்.

எலுமிச்சை, ஆரஞ்சு கேக் என்றால் தண்ணீரில் பாதியை ஆரஞ்சுச் சாறாக மாற்றலாம். முழுவதையும் மாற்றினால் புளிப்பும் சர்க்கரையும் கூடி கேக் கனத்துப்போகும். வாசனை சாற்றில் அவ்வளவாக இல்லை, தோலில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோலா மாதிரியான இனிப்புச் சோடா பாட்டிலை ஊற்றி முட்டையும் எண்ணெயும் இல்லாமல் செய்யும் குறுக்கு வழி ஒன்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பெட்டி மிக்ஸ், 355 மி.லி. சோடா, அவ்வளவுதான். கேக் வரும், மறுக்கவில்லை. கையில் எடுத்தால் ஒட்டும், மறுநாள் சுருங்கும். வீட்டில் முட்டை இல்லாத அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயா வெண்ணெயா?

எல்லா யோசனைகளிலும் முதலில் வருவது ‘எண்ணெயை எடுத்துவிட்டு வெண்ணெய் போடுங்கள்’ என்பது. இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. எண்ணெய் குளிரிலும் திரவமாகவே இருப்பதால், எண்ணெய் கேக் மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும். வெண்ணெய் குளிர்ந்தால் இறுகும், அதனால் வெண்ணெய் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டிப்படும், உலர்ந்த மாதிரித் தோன்றும். ருசியில் மட்டும் எண்ணெய் வெண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

நான் செய்வது பாதிப் பாதி. அரை கப் எண்ணெய் கேட்டால், கால் கப் எண்ணெயும் 70 கிராம் உருக்கிய வெண்ணெயும். கால் கப் வெண்ணெய் 57 கிராம்தானே, 70 எதற்கு என்று கேட்கலாம். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கூடுதல். வெண்ணெயை உருக்கிய பிறகு விரல் வைத்தால் இதமான சூடு இருக்கும் அளவுக்கு ஆற விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து திரித்திரியாகும்.

இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் வெண்ணெயை மிதமான தீயில் வைத்து, நுரை அடங்கி, அடியில் பழுப்புத் துகள்கள் தெரிந்து, வறுத்த பருப்பு வாசனை வரும் வரை காய்ச்சுங்கள். மஞ்சள் நிற வெனிலா கேக் மிக்ஸில் இது செய்யும் மாயம் வேறு எதற்கும் வராது. காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள். அடியில் தங்கும் பழுப்புத் துகளை வடிகட்டித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ருசியே அதில்தான்.

முட்டை

மூன்று முழு முட்டை, கூடவே ஒரு மஞ்சள் கரு. என் கணக்கு அவ்வளவுதான். மஞ்சள் கருவில் கொழுப்பும் லெசித்தின் என்ற இயற்கை எமல்சிஃபையரும் இருக்கின்றன. கேக்குக்குச் செழிப்பும் நிறமும் தரும், மறுநாளும் காயாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு மஞ்சள் கரு வரை போகலாம், அதற்கு மேல் போனால் முட்டை வாடை தலைதூக்கும்.

வெள்ளைக் கரு அப்படி இல்லை. அது வெந்தால் இறுகி நிற்கும் புரதம், கேக்கின் எலும்பு மாதிரி. பெரிய முட்டை ஒன்றில் வெள்ளைக் கரு 30 கிராமுக்குச் சற்று மேலே, மஞ்சள் கரு 18 கிராம் அளவில் இருக்கும். காரணமில்லாமல் வெள்ளைக் கருவைக் கூட்டினால் கேக் வறண்டு ரப்பராகும். சவர் க்ரீம், புட்டிங் பவுடர் மாதிரி கனமான பொருளைச் சேர்க்கும்போது மட்டும் தாங்கிப் பிடிக்க முழு முட்டை ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள், அப்போது தனி மஞ்சள் கரு வேண்டாம்.

வெள்ளை கேக் மிக்ஸுக்கு வெள்ளைக் கரு மட்டும் போடச் சொல்வார்கள். நிறம் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணமில்லை. லேசான தந்த நிறம் பரவாயில்லை என்றால் முழு முட்டையே போடுங்கள், ருசி பல படி மேலே போகும். முட்டை சேர்க்காதவர்கள் முட்டையில்லாத வகை மிக்ஸையே வாங்குவது உத்தமம். முட்டை போடச் சொல்லும் பெட்டியில்தான் செய்தாக வேண்டுமென்றால், ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர் என்று போடலாம். கேக் கொஞ்சம் குட்டையாக, நெருக்கமாக வரும்.

உப்பு, வாசனை

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது கேக்குக்கும் பொருந்தும். மிக்ஸில் உப்பு இருக்கிறது, ஆனால் அத்தனை சர்க்கரையை எதிர்த்து நிற்க அது போதாது. கால் டீஸ்பூன் தூள் உப்பு கூட்டினால் உப்புக் கரிக்காது. இனிப்பு ஒரு படி பின்வாங்கும், பாலும் வெண்ணெயும் தெரிய ஆரம்பிக்கும். உப்பு சேர்த்த வெண்ணெய் பயன்படுத்தினால் இதை விட்டுவிடலாம்.

வெனிலா எசென்ஸ் இரண்டு டீஸ்பூன் வரை. பாதாம் எசென்ஸ் இருந்தால் கால் டீஸ்பூன் மட்டும். அது ஒரு சொட்டு கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதி வராமல், நிறமுள்ள மேல்தோலை மட்டும் துருவுங்கள். துருவலை அப்படியே கொட்டாமல், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனியால் ஒரு நிமிடம் தேய்த்தால் தோலிலிருக்கும் எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, அறை முழுவதும் மணக்கும். சர்க்கரையைக் கூட்டாதே என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது. ஒரு டேபிள்ஸ்பூனால் கணக்கு கெடாது.

தயிரா புட்டிங்கா, ஒன்றுதான்

கேக் நெருக்கமாக, வெட்டினால் பளிச்சென்ற துண்டாக, ஈரமாக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தவன் கதையைத்தான் தொடக்கத்தில் படித்தீர்கள்.

முதல் வழி சவர் க்ரீம், அல்லது தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். அரை கப் சேருங்கள். தயிரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் பாலைக் கால் கப் குறைத்துவிடுங்கள். ஒரு கப் பால் முக்கால் கப் ஆகும். அதன் புளிப்பும் கொழுப்பும் பாக்கெட் வாசனையை மறைப்பதில் முதல் இடம். தயிர் குளிர்ச்சியாக இருந்தால் உருக்கிய வெண்ணெய் உறைந்து துணுக்குத் துணுக்காக நிற்கும், ஆகவே அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். மயோனைஸ் கால் கப் சேர்ப்பவர்களும் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம், அது முட்டையும் எண்ணெயும் கொஞ்சம் புளிப்பும்தான். பூண்டு, கடுகு போன்ற வாசனை சேர்த்த வகையாக மட்டும் இருக்கக்கூடாது.

இரண்டாவது வழி, காய்ச்சத் தேவையில்லாத இன்ஸ்டன்ட் புட்டிங் பவுடர். 96 கிராம் பாக்கெட் ஒன்றைப் பொடியாகவே மிக்ஸில் கலந்துவிட வேண்டும், பால் ஊற்றிப் புட்டிங்காகச் செய்யக்கூடாது. அதிலுள்ள ஸ்டார்ச் முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தியது, குளிர்ந்த பாலிலேயே தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். இதைப் போட்டால் முட்டை நான்கு. சில பெட்டிகளில் ‘புட்டிங் சேர்த்தது’ என்று ஏற்கெனவே எழுதியிருக்கும், அதில் மேலும் சேர்த்தால் கனம் தட்டும். காய்ச்சிச் செய்யும் கஸ்டர்ட் பவுடர் இந்த வேலையைச் செய்யாது, அதன் ஸ்டார்ச் பச்சையானது. இன்ஸ்டன்ட் புட்டிங் பவுடர் கிடைக்காவிட்டால் இரண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடர் போடுங்கள். ஈரத்தைப் பிடிக்காவிட்டாலும் ருசியைக் கூட்டும்.

இரண்டில் எது என்று கேட்டால் நான் தயிர் பக்கம். புட்டிங் இனிப்பை மேலும் ஏற்றுகிறது, நமக்கு வேண்டியதோ இனிப்பைக் குறைப்பது.

சாக்லேட் மிக்ஸ் என்றால்

சாக்லேட் மிக்ஸ் மற்றவற்றைவிட நன்றாகத் திருந்தும் பிள்ளை. தண்ணீருக்குப் பதில் பால் சேர்க்காத, சர்க்கரை சேர்க்காத சூடான காபி ஒரு கப் ஊற்றுங்கள். காபிக் கேக் ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கொக்கோவின் கசப்புக்கும் காபியின் கசப்புக்கும் உறவு உண்டு, ஒன்று மற்றதைத் தூக்கி விடும், சாப்பிடுபவருக்குக் காபி தெரியாது. காபி பிடிக்காதவர்களுக்கும் இதே கேக்கைக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. காபியைத் தவிர்க்க நினைத்தால் சூடான தண்ணீரே போதும்.

கூடவே இரண்டு டேபிள்ஸ்பூன் கொக்கோ பவுடர். அதை முதலில் அந்தச் சூடான காபியில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து நிமிடம் ஊற விட்டால் வாசனை பூத்து வரும். கொக்கோ தண்ணீரைக் குடிக்கும் பொருள் என்பதால் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் திரவம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கரைசல் வெதுவெதுப்பாக ஆறிய பிறகே முட்டையோடு சேர வேண்டும். சாக்லேட்டுக்குத் தயிரும் நன்றாகப் பொருந்தும். வெண்ணெயைவிட எண்ணெய்தான் இங்கே எனக்குப் பிடிக்கும். கொக்கோ இருக்கும்போது வெண்ணெயின் ருசி எப்படியும் கேட்காது, கேக்காவது ஈரமாக இருக்கட்டும்.

சாக்லேட் துண்டு, பருப்பு, பழம்

ஒரு பெட்டிக்கு மொத்தம் ஒரு கப் போதும். மிக்ஸ் கேக் மாவு நீர்த்தது, அதில் பெரிய துண்டுகள் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாவில் புரட்டிப் போட்டால் மிதக்கும் என்று சொல்வார்கள், அதை நான் நம்புவதில்லை. உண்மையில் உதவுவது இரண்டுதான்: துண்டைச் சிறிதாக நறுக்குவது, தயிரோ புட்டிங்கோ போட்டு மாவைக் கெட்டியாக்குவது. முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளை ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் எட்டு நிமிடம் வறுத்து, ஆற வைத்துப் போடுங்கள். உறைந்த பெர்ரிப் பழங்களை உருகவிடாமல், கடைசி நொடியில் சேர்த்து நாலு சுற்றுச் சுற்றினால் நிறம் இறங்காது. மசித்த வாழைப்பழம் அரை கப் சேர்த்தால் பாலைக் கால் கப் குறைக்க வேண்டும்.

கலக்கும் விதம்

ஓவனை முதலிலேயே 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கத் தொடங்குங்கள். கேக் டின்னில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் வெட்டிப் போடுங்கள். முட்டை குளிர்ந்திருந்தால் ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள்.

மிக்ஸைச் சலித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் நாளானால் கட்டி தட்டும், அந்தக் கட்டிகளை உடைக்கப் போய்த்தான் பலர் அதிகமாக அடித்துவிடுகிறார்கள். உப்பு, பால் பவுடர் போன்ற உலர்ந்தவற்றைப் பொடியோடு கலந்துவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டை, பால், எண்ணெய், வெண்ணெய், தயிர், வெனிலாவை ஒன்றாக அடித்து, அதைப் பொடியில் ஊற்றுங்கள். பீட்டரில் மெதுவான வேகத்தில் அரை நிமிடம், பாத்திரத்தின் ஓரத்தை வழித்துவிட்டு, நடுத்தர வேகத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம்.

கேக் மாவை அடிக்கவே கூடாது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. முன்னால் சொன்ன எமல்சிஃபையர்கள் காற்றைப் பிடிக்க அந்த இரண்டு நிமிடம் தேவை. கைவிஸ்க் என்றால் மூன்று நிமிடம் கை ஓயாமல். அதைத் தாண்டி ஐந்து, ஆறு நிமிடம் அடித்தால் மட்டுமே குளூட்டன் என்ற மைதாவின் பசைப் புரதம் இறுகி, கேக்கில் சுரங்கம் மாதிரி ஓட்டைகள் விழும். நிறம் ஒரு சாயல் வெளுத்து, கரண்டியிலிருந்து நாடாவாக வழிந்தால் நிறுத்திவிடுங்கள். விரலை விட்டு நக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். முட்டை மட்டுமல்ல, பச்சை மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

முதல் தடவை செய்பவர்களுக்கு என் சேர்க்கையை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். 432 கிராம் மஞ்சள் நிற வெனிலா கேக் மிக்ஸ், முக்கால் கப் பால், அரை கப் கெட்டித் தயிர், கால் கப் எண்ணெய், 70 கிராம் உருக்கிய வெண்ணெய், நான்கு முட்டை, கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் வெனிலா. தயிர் போட்டதால்தான் முழு முட்டை நான்கு.

வேகவைப்பது

பெட்டியில் போட்டிருக்கும் நேரம் தண்ணீர், எண்ணெய், மூன்று முட்டைக்கானது. நாம் சேர்த்தது கூடுதல் ஈரமும் கனமும் என்பதால் ஐந்திலிருந்து பத்து நிமிடம் அதிகம் ஆகலாம். பெட்டி சொல்லும் குறைந்தபட்ச நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கதவைத் திறக்காதீர்கள். நடுப்பகுதி இறுகும் முன் குளிர்காற்று பட்டால் உட்கார்ந்துவிடும்.

23 செ.மீ. வட்ட டின் இரண்டு, அல்லது 23-க்கு 33 செ.மீ. தட்டு ஒன்று, அல்லது கப்கேக் 24 என்பது வழக்கமான கணக்கு. தயிர் சேர்த்தால் மாவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எந்த டின்னையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மிஞ்சியதில் இரண்டு மூன்று கப்கேக் ஊற்றிவிடுங்கள். கறுப்பு நிற டின் சூட்டை அதிகம் வாங்கும், அதற்கு 160 டிகிரி போதும். விசிறி உள்ள ஓவனுக்கும் 15, 20 டிகிரி குறைக்க வேண்டும். கூம்பாகாமல் தட்டையாக வேண்டும் என்றாலும் 160 டிகிரியில் நிதானமாக வேகவைக்கலாம்.

வெந்ததா என்று பார்க்க டூத்பிக்கை நடுவில் குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டக்கூடாது, ஒன்றிரண்டு ஈரத் துகள் ஒட்டினால் அதுதான் சரியான நேரம். சுத்தமாக வரும் வரை காத்திருந்தால் எடுத்த பிறகும் உள்சூட்டில் வெந்து காய்ந்துவிடும். ஓரம் டின்னை விட்டு நூலளவு விலகியிருக்கும், நடுவில் விரலால் தொட்டால் எழும்பி வரும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 முதல் 99 டிகிரி.

டின்னிலேயே பத்து நிமிடம் ஆற விட்டு, கம்பித் தட்டில் கவிழ்த்துங்கள். டின்னிலேயே முழுக்க ஆறினால் அடி வியர்த்து நசநசக்கும், உடனே கவிழ்த்தால் உடையும்.

பெரிய கேக்குக்கு நீட்டும் முறை

அடுக்கு கேக், வெட்டி வடிவம் கொடுக்கும் கேக் செய்பவர்கள் வெகுகாலமாகக் கையாளும் முறை இது. ஒரு பெட்டி வெள்ளை மிக்ஸோடு ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, முக்கால் டீஸ்பூன் உப்பு, ஒரு கப் சவர் க்ரீம், ஒரு கப் தண்ணீர், மூன்று முட்டை, வெனிலாவும் பாதாம் எசென்ஸும் ஒவ்வொரு டீஸ்பூன். தனியாக எண்ணெய் இல்லை. இங்கே சர்க்கரை கூட்டுகிறார்களே என்று கேட்டால், அதற்குச் சமமாக மைதாவும் சவர் க்ரீமும் சேர்ந்து வருகின்றன. கணக்கு முழுவதையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள், ஒரு வரியை மட்டும் அடித்துத் திருத்தவில்லை. மாவு கெட்டியாக இருக்கும், கேக் நெருக்கமாக வந்து மேலே வைக்கும் எடையைத் தாங்கும். பாதாம் எசென்ஸ் ஒரு டீஸ்பூன் எனக்கு அதிகம், பாதியாகக் குறைத்துவிடுவேன். மைதா சேர்த்திருப்பதால் இதை மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அடிக்க வேண்டாம்.

ஆறிய பிறகு

கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்க வைத்து ஆறவைத்த பாகைப் பிரஷ்ஷால் ஒரு அடுக்குக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தடவுங்கள். சாக்லேட்டுக்கு அந்தப் பாகில் காபி, எலுமிச்சைக்குச் சாறு.

கேக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, மேலே டப்பா ஃப்ராஸ்டிங்கை அப்படியே பூசினால் பாக்கெட் ருசி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அறைச் சூட்டில் இருக்கும் 100 கிராம் வெண்ணெயை முதலில் வெளுக்கும் வரை அடித்து, அதில் டப்பா ஃப்ராஸ்டிங்கைச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பும் வெனிலாவும் போட்டு மூன்று நிமிடம் அடியுங்கள். அளவு கூடும், இனிப்பு இறங்கும். க்ரீம் சீஸ் இருந்தால் வெண்ணெயில் பாதிக்கு அதைப் போடலாம். கேக் முழுக்க ஆறியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தாலும் ஃப்ராஸ்டிங் வழிந்துவிடும்.

மிச்சம் வைத்தால், வெண்ணெய் சேர்த்த கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பரிமாறாதீர்கள். ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும், இறுகிய வெண்ணெய் இளகட்டும். அடுக்குகளை ஃப்ராஸ்டிங் இல்லாமல் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். எடுக்கும்போது தாளைப் பிரிக்காமலே உருக விடுங்கள், இல்லாவிட்டால் வியர்க்கும் நீரெல்லாம் கேக்கின் மேல்தோலில் இறங்கும்.